மரணசாசனமா, டிரஸ்டா? முதலில் பிஸ்கட் டின்னைத் திறவுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது, "அப்பா மரணசாசனம் (உயில்) எழுதுவதா, டிரஸ்ட் அமைப்பதா, எது நல்லது?" என்று. கனடாவில் இருக்கும் சித்தப்பா டிரஸ்ட்தான் சரி என்கிறாராம். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விபரங்களைப் படித்தால், கேட்பது வேறொன்று என்று தெரிகிறது. அப்பாவுக்கு 71 வயது, தோட்டத்தில் லொறி சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹட்டன் டவுனுக்குக் கிட்ட 20 பேர்ச் காணி, அதில் வீடும் ரோட்டோரம் ஒரு கடையும். வங்கியில் நிலையான வைப்பு. வெலிமடைப் பக்கம் அரை ஏக்கர் மரக்கறித் தோட்டம், பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. தோட்ட லயனில் இன்னும் கைவிடாத ஒரு அறை, லயக் காம்பரா. அண்ணன் கொழும்பில், அக்கா கட்டாரில், வீட்டோடு இருப்பது நீங்கள். இவர்களோடு, இறந்துபோன அத்தையின் மகள். ஐந்து வயதிலிருந்து உங்கள் வீட்டில் வளர்கிறாள், இப்போது 14. அப்பாவுக்குப் பிறகு அம்மாவை யாரும் அந்த வீட்டிலிருந்து எழுப்பக் கூடாது, கூட இருந்து பார்த்த உங்களுக்கு வீடு கிடைக்க வேண்டும், அந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது, இதையெல்லாம் வைத்து மூத்தவர்கள் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போகவும் கூடாது. இதுதானே கேள்வி?

நான் நுவரெலியா மாவட்டத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நொத்தாரிசு வேலை (காணி உறுதியும் சாசனமும் எழுதி அத்தாட்சிப்படுத்துவது) பார்த்தவன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் காணி உறுதிப் பத்திரத்தையோ அம்மா அப்பாவின் பத்திரங்களையோ நான் பார்க்கவில்லை. அதனால் பதில் எங்கே அந்தக் கடதாசிகளைப் பொறுத்து மாறுமோ, அங்கே அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எந்தச் சட்டம் என்பது. கண்டிப் பக்கம் இருக்கிறோம், அதனால் கண்டியச் சட்டம் நமக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை, அது கண்டியச் சிங்களவருக்கானது. தமிழர் என்பதால் தேசவழமைச் சட்டம் என்பதும் தவறு, அது வட மாகாணத் தமிழருக்கானது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மலையகப் பெண் தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரைக் கட்டினால், அந்தக் கல்யாணம் நீடிக்கும்வரை அவளுக்கும் தேசவழமைதான். உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர் என்றால் அதை நொத்தாரிசிடம் சொல்லுங்கள். மற்றபடி உங்கள் வீட்டுக்கு நாட்டின் பொதுச் சட்டம், அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அப்பா ஒன்றும் எழுதாமல் போய்விட்டால் அதன்படி ஆதனத்தில் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசம் கிடையாது, அப்பா கொடுத்த சீதனத்தைப் பங்குக் கணக்கில் சேர்க்கச் சொல்லலாமே தவிர, சீதனம் வாங்கியவள் என்று அக்காவை அடியோடு ஒதுக்க முடியாது.

20 பேர்ச்சில் இதைப் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு 10 பேர்ச், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றேகால் பேர்ச்சும் கொஞ்சமும். அந்த அளவுக்குத் துண்டு போட்டு உள்ளூராட்சி சபையில் அனுமதி வாங்க முடியாது. ஆகவே எல்லாரும் பிரியாத பங்குக்காரராகவே இருப்பீர்கள். கடை வாடகையை யார் எடுப்பது, கூரைத் தகரத்தை யார் மாற்றுவது என்று தொடங்கும். ஒரு நாள் யாராவது ஒருவர் காணியைப் பிரித்துத் தரச் சொல்லிப் பங்கு வழக்குப் போடுவார். மகன் காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்தில் முடிந்த பங்கு வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். அத்தை மகளுக்கு அந்தக் கணக்கில் ஒரு பேர்ச் கூட இல்லை. 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் முறையாகச் சுவீகாரம் எடுத்திருந்தால்தான் அவள் சட்டத்தின் கண்ணில் பிள்ளை. வளர்த்தது, படிக்க வைத்தது, ஊருக்கே தெரிந்தது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஆகவே அப்பா எழுதத்தான் வேண்டும். எழுதினால் இங்கே முழுச் சுதந்திரம். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தன் சொத்தைத் தன் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம் என்கிறது. பிள்ளைக்கு இவ்வளவு கட்டாயம் வைக்க வேண்டும் என்ற விதி இல்லை. அம்மாவுக்கே ஒன்றும் வைக்காமல் எழுதினாலும் செல்லும். அதனால்தான் அம்மாவின் பாதுகாப்பை எழுத்தில் தெளிவாகப் போட வேண்டும் என்கிறேன்.

இனி சித்தப்பாவின் டிரஸ்ட். நம் நாட்டிலும் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, டிரஸ்ட், அதாவது ஒருவர் நன்மைக்காகச் சொத்தை இன்னொருவர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு, அமைக்கலாம். ஆனால் காணியை டிரஸ்டில் போடுவதென்றால், காணி அப்பாவின் பெயரை விட்டு நம்பிக்கைப் பொறுப்பாளர் பெயருக்குப் போக வேண்டும், அதுவும் நொத்தாரிசு உறுதி மூலம். யார் அந்தப் பொறுப்பாளர்? நீங்களா, அண்ணனா? யாரைப் போட்டாலும் மற்றவருக்குச் சந்தேகம். வருடா வருடம் கணக்கு வைக்க வேண்டும், அவர் இறந்தால் அடுத்தவரைப் போட வேண்டும். வெளிநாடுகளில் டிரஸ்ட் அமைப்பதற்கு மரணத்துக்குப் பிந்திய வரியும் கட்டணமும் பெரிய காரணம். இங்கே மரண தீர்வையை 1980களிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு வீடும் ஒரு கடையும் உள்ள குடும்பத்துக்கு டிரஸ்ட் என்பது, கொழுந்துக் கூடையைத் தூக்க லொறி பிடிப்பது மாதிரி. கோயிலுக்குக் காணி விடுகிறவருக்கும், தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத பிள்ளை உள்ளவருக்கும் அது தேவைப்படும். உங்கள் வீட்டில் அதற்கு ஒரு சின்ன இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். "இந்தக் காணியை யாரும் விற்கக் கூடாது, மகனுக்குப் பிறகு பேரனுக்கு, அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைக்கு" என்று அப்பா எழுதச் சொல்கிறாராம். பழைய உறுதிகளில் அப்படி எழுதியதைப் பார்த்திருப்பார். தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடும் அந்த ஏற்பாட்டை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. இப்போது எழுதினால் அந்த வரிக்குப் பலன் இல்லை. செல்லுபடியாவது சீவிய உருத்து. வீட்டை உங்களுக்கு எழுதி, அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கவும் அதன் வருமானத்தை எடுக்கவும் அவருக்கு உருத்து வைக்கலாம். நீங்கள் வீட்டை விற்றாலும் வாங்குகிறவர் அம்மாவை எழுப்ப முடியாது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுதான் விடை.

அதையே நன்கொடை உறுதியாக இப்போதே எழுதிவிடலாமே, கோர்ட் அலைச்சல் மிச்சம் என்று பலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை அப்பா நினைத்தவுடன் திருப்பி எடுக்க முடியாது. பெரும் நன்றிகேடு நடந்தது என்று வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். நாளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காணி உங்கள் மனைவி பிள்ளைகளுக்குப் போகும், அப்பா பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். என்னிடம் ஒருவர் வந்து, மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் பெயருக்கு மட்டும் சீவிய உருத்து வைத்துக்கொண்டார். மனைவி பெயரையும் சேருங்கள் என்றேன். "அவளுக்கு என்னாங்கய்யா, நான் இருக்கிற வரைக்கும் அவளும் இருப்பாதானே" என்றார். அவர் மூன்றாம் வருடமே போய்விட்டார். அந்த அம்மா அதே வீட்டின் பின்பக்கம், விறகு அடுக்கியிருந்த சார்ப்பில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தார். சட்டப்படி மகனிடம் நான் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. 71 வயதில் உடம்பு நன்றாக இருக்கிற உங்கள் அப்பாவுக்கு என் யோசனை மரணசாசனம். அதை எப்போதும் மாற்றலாம், இருக்கும்வரை எல்லாம் அவருடையது.

ஆனால் மரணசாசனத்தில் எதை எழுத முடியும்? மலையகத்தில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். உங்கள் பட்டியலில் உள்ள நான்கு சொத்தும் நான்கு வெவ்வேறு பாதையில் போகிறவை. லயக் காம்பரா அப்பாவுடையதே அல்ல. காணி அரசினுடையது, தோட்டக் கம்பனிகள் 1992இலிருந்து குத்தகைக்கு நடத்துகின்றன. நான்கு தலைமுறை அதில் பிறந்திருந்தாலும் அது எழுதிக் கொடுக்கிற சொத்து ஆகாது. (இது நியாயமா என்று கேட்காதீர்கள், நியாயம் இல்லை.) அரசாங்கத் திட்டத்தில் 7 பேர்ச் வீடு யாருக்காவது கிடைத்திருந்தால், கையில் இருப்பது உறுதியா வெறும் ஒதுக்கீட்டுக் கடிதமா, கைமாற்றத் தடை இருக்கிறதா என்று அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

வெலிமடைக் காணியைப் பற்றி நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. பெர்மிட் ஆரம்பத்தில் வேறொருவர் பெயரில், அப்பா காசு கொடுத்து வாங்கினார், கையொப்பமிட்ட கடிதம் இருக்கிறது என்கிறீர்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணி என்றால், பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. சட்டத்தின் முன் இன்றைக்கும் அந்தப் பெர்மிட்காரர்தான் ஆள். அவருக்குப் பிறகு காணி முதலில் போவது அவர் மனைவிக்கு, அதற்குப் பிறகு அவர் பதிந்து வைத்த பின்னுரித்தாளிக்கு (அடுத்த வாரிசுக்கு), பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணை சொல்லும் ஒருவருக்கு. அந்த அட்டவணையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமையை 2022இல் எடுத்துவிட்டார்கள். உங்கள் அப்பாவின் மரணசாசனம் அந்தக் காணியைத் தொடாது. அங்கே போட்ட கோவாவும் லீக்ஸும் உங்களுடையவை, மண் அல்ல. பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள். முடிவு எப்படி வரும் என்பது அந்தக் கோப்பைப் பொறுத்தது, ஆனால் அவர் செத்த பிறகு போனால் இதைவிடக் கஷ்டம்.

வங்கி வைப்புக்கு அப்பா தனக்குப் பிறகு பணத்தைப் பெற யாரையாவது நாமினியாகப் போட்டிருந்தால் வங்கி அவருக்குத்தான் கொடுக்கும். மரணசாசனத்தில் அதே பணத்தை வேறொருவருக்கு எழுதினால் சண்டைதான் மிஞ்சும், ஆகவே இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்பாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) எடுத்து முடிந்தது. உங்களுடையது? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால் இப்போது புதிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

மிஞ்சுவது ஹட்டன் காணி. அந்த உறுதி அப்பாவின் பெயரில் மட்டுமா, அம்மா பெயரும் சேர்ந்தா? இரண்டு பேரும் என்றால் அப்பா எழுதக்கூடியது அவர் பங்கை மட்டுமே, அம்மாவும் தனியாக ஒன்று எழுத வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கூட்டு மரணசாசனம் எழுதலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவர் இறந்து மற்றவர் அதன் பலனை ஏற்றுக்கொண்டால், தன் சொந்தப் பங்கைக்கூட அவர் பிறகு மாற்ற முடியாமல் போகலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு நில அளவையாளரைப் பிடித்து வீட்டுத் துண்டையும் கடைத் துண்டையும் தனித்தனியாக வரைபடம் எடுத்து அனுமதி வாங்குங்கள். 12 பேர்ச் வீட்டோடு உங்களுக்கு, அம்மாவின் சீவிய உருத்தோடு. 8 பேர்ச் கடையோடு அண்ணனுக்கும் அக்காவுக்கும். வாடகை அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு. இது என் கணக்கு, அப்பாவின் மனது வேறாக இருக்கலாம். ஆனால் மூத்தவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதினால், சட்டப்படி செல்லும் அந்தச் சாசனத்தை உடைக்க அவர்கள் கட்டாயம் கோர்ட்டுக்குப் போவார்கள். "தம்பி எழுத வைத்தான்" என்பார்கள்.

அதற்கு இடம் கொடுக்காதீர்கள். லாபம் பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்த சாசனத்தை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பாரம் அதை முன்வைப்பவர் தலையில். நொத்தாரிசை அப்பாவே தேர்ந்தெடுக்கட்டும். உள்ளே அவர் பேசும்போது நீங்கள் வெளியே தேநீர்க் கடையில் இருங்கள். சாட்சிகள் இரண்டு பேரும் சொத்தில் பங்கில்லாதவர்களாக, அப்பாவைத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். நொத்தாரிசும் சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிருக்க அப்பா அடியில் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு எழுத 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு வழி வைத்தது. நான் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்ததில்லை, பத்து வருடம் கழித்து அந்த ஐந்து பேரை எங்கே தேடுவது? இன்னொன்று, நொத்தாரிசுகளுக்கு இன்ன மொழியில் எழுதலாம் என்றுதான் அதிகாரம் உண்டு. அப்பா தமிழ் வாசிப்பவர் என்றால் தமிழ் நொத்தாரிசிடம் போங்கள். புரியாத மொழியில் எழுதியதில் வைத்த கையொப்பத்தை வைத்துத்தான் பாதி வழக்குகள்.

பெயர்களைப் போடச் சொல்லுங்கள். இது நான் பட்ட பாடு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சாசனத்தில் "என் பிள்ளைகளுக்குச் சமமாக" என்று எழுதிவிட்டேன். அந்தப் பெரியவர் நான்கு பிள்ளைகள் என்று சொன்னார், நான் நான்கு பெயரைக் கேட்கவில்லை. நான்காவது பிள்ளை வளர்ப்பு மகள் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. மற்ற மூன்று பேரும் "அவள் பிள்ளை இல்லை" என்றார்கள், அவளுடைய வக்கீலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஆகவே உங்கள் அத்தை மகளின் முழுப் பெயர், அவளுக்கு இவ்வளவு என்ற தொகை, இரண்டும் வர வேண்டும். டிரஸ்டுக்கு ஒரு சின்ன இடம் உண்டு என்றேனே, அது இங்கேதான். அவளுக்கு 18 ஆகும்வரை அந்தப் பணத்தை இன்னார் பொறுப்பில் வைத்துப் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று மரணசாசனத்துக்குள்ளேயே ஒரு பந்தி எழுதலாம். பொறுப்பாளர் நீங்களாக இல்லாமல் உங்கள் அக்காவாக இருந்தால் நல்லது. இன்னும் லேசான வழி, அப்பா இப்போதே அவள் பெயரில் ஒரு சிறுவர் கணக்கில் போட்டுவிடுவது.

கடைசியாக, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. நம் ஆட்கள் கடதாசிகளை மலிபன் பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைப்பார்கள். என் மேசையில் அப்படி எத்தனையோ டின்கள் திறந்திருக்கின்றன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், பிரஜாவுரிமைச் சான்றிதழில் ராமாயம்மா, மூன்றும் ஒரே அம்மா. தோட்டத்தில் சொன்னதை வேறு மொழியில் கேட்டு எழுதியவர் எழுதியதுதான் பெயர். இதைச் சத்தியக் கடதாசியாலோ பதிவாளரிடம் திருத்தியோ இப்போது சரிசெய்யலாம், ஆள் இருக்கும்போது. அந்த டின்னில் அநேகமாக இல்லாதது ஒன்று, திருமண அத்தாட்சிப் பத்திரம். கோயிலில் தாலி கட்டினோம், எழுத்து எழுதவில்லை, அதாவது பதியவில்லை, என்பார்கள். பதியாத வழக்காற்றுத் திருமணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அதற்குச் சடங்கு நடந்ததையும் கணவன் மனைவியாக வாழ்ந்ததையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், முடிவு ஒவ்வொரு வழக்கின் சாட்சியைப் பொறுத்தது. நிரூபிக்க முடியாவிட்டால் அம்மாவின் பாதிப் பங்கும், தகப்பன் வழியில் உங்கள் மூவரின் பங்கும் ஆட்டம் காணும். ஒரு தடவை எழுபது தாண்டிய ஒரு தம்பதியைப் பதிவாளரிடம் அனுப்பினேன். அந்த அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே விரலடையாளம் வைத்தாராம், பேரப்பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

இதில் வரிசை முக்கியம். மரணசாசனம் எழுதியவர் பிறகு விவாகம் செய்தால் முந்திய சாசனம் ரத்தாகிவிடும். முன்பே தாலி கட்டியவர்களின் பதிவுக்கும் அது பொருந்துமா என்று பிறகு ஒரு வக்கீல் வாதாட இடம் வைக்க வேண்டாம். முதலில் பதிவு, பிறகு சாசனம். சாசனத்தில் எழுதியபடி காரியத்தை முடிக்கும் நிறைவேற்றுநராக நாட்டில் இருக்கும் ஒருவரைப் போடுங்கள், மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். அக்கா கட்டாரிலிருந்து அனுப்பிய அற்றோர்ணித் தத்துவம் உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது அவர் சார்பில் கையொப்பமிட மட்டும் உதவும். அப்பாவும் உங்களுக்கு அப்படியொரு தத்துவம் கொடுத்திருந்தால் அது அவர் மூச்சோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு அதை வைத்து வங்கியில் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

செலவுக்குக் கையில் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். போகும்போது அந்த டின்னை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றையும் வேண்டாததென்று கழிக்க வேண்டாம்.